சீல் உடையாத கப்பல்

காக்காவிடம் எதைக் கொடுத்தாலும் கொடுத்தபடியே திரும்பி வரும். கொடுத்தபடியே என்றால் கொடுத்தபடியேதான். மூதூர் முஸ்லிம் சனம் அண்ணனைக் காக்கா என்பார்கள்; எனக்கும் அவர் காக்காதான்.

ஒருமுறை என் குடையை அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். நல்ல மழை. சொட்டச் சொட்ட மடித்துக் கையில் கொடுத்தேன். அடுத்த கிழமை மூதூர் இறங்குதுறையில் வைத்துத் திருப்பித் தந்தார். அதே மடிப்பு. நாடாகூட நான் கட்டின முடிச்சிலேயே இருந்தது. விரித்தேன். உள்ளே பச்சையாகப் பூஞ்சணம். கம்பி கறள் பிடித்துச் சீலையோடு ஒட்டிக் கிடந்தது.

“ஒருக்கா விரிச்சுக் காயப் போட்டிருக்கலாமே காக்கா?”

“ஒங்கட குடை தம்பி. நீங்க மடிச்சுத் தந்தீங்க. நான் எப்பிடி விரிக்கிற?”

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மெலிந்த ஆள். சாரன், வெள்ளைத் தொப்பி, தோளில் ஒரு துவாய். மூதூரில் கொஞ்சம் வயல் இருந்தது. கதைப்பது குறைவு. நம்பிக் கொடுத்த பொருளை அவருடைய சனம் அமானிதம் என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும், பள்ளிவாசலுக்குள் நின்று கதைப்பது போல.

தையல் மிசின் கதையை அங்கே எல்லோரும் சொல்லுவார்கள். சண்டைக் காலத்தில் கட்டைபறிச்சானில் இருந்த ஒரு தையல்கார அக்கா ஊரை விட்டு ஓடவேண்டி வந்தது. தூக்கிக்கொண்டு ஓட ஏலாத ஒரே பொருள் அவருடைய மிசின். அதை இவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பிறகு மூதூர்ச் சனமும் ஓடியது. காக்கா தன் வீட்டுச் சாமானை விட்டுவிட்டு அந்த மிசினைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அகதி முகாமில் மழைக்கு அதற்கு மேலே பாயைப் போர்த்திவிட்டுத் தான் நனைந்தார். அவருடைய மனிசி, பிள்ளையின் சட்டையில் ஒரு கிழிசல் தைக்க மிசினைக் கேட்டாராம். தொட விடவில்லை.

சண்டை முடிந்து அக்கா வந்தார். மிசின் இருந்தது. ஆனால் சில்லு சுற்றவில்லை. உள்ளே எல்லாம் கறள்.

“என்ன காக்கா, ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தா என்ன?”

“உங்கட மிசின் தங்கச்சி. நான் எப்பிடித் திறக்கிற?”

அந்த அக்கா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மிசினைத் தூக்கிக்கொண்டு போனாராம்.

ஊரில் இது பகிடிக் கதை. ஆனால் திருகோணமலையில் கப்பல் ஏஜென்சிக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டபோது அவர்களுக்கு இது பகிடியாகப் படவில்லை. அவர்களுக்கு வேண்டியது அப்படியொரு ஆள்தான்.

அந்த வருசத்தை யாரும் மறக்கமாட்டார்கள். உரம் இல்லாமல் வயல் பொய்த்தது. நாட்டில் டொலர் இல்லை என்றார்கள். டீசலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. வயல் வைத்திருக்கிறவன் அரிசிக்கு வரிசையில் நின்றான். அப்போதுதான் கொட்டியாரக் குடாவில் ஒரு கப்பல் வந்து நங்கூரம் போட்டது. உள்ளே முழுக்க அரிசி மூட்டை. மூதூர்க் கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு நேரே தெரியும்.

அரிசி ஒரு வெளிநாட்டுக் கம்பனியுடையது. அவர்களுக்கு வயல் இல்லை, ஆலை இல்லை. கப்பலும் வாடகைக்குத்தான். ஓரிடத்தில் வாங்குவார்கள், இன்னோரிடத்தில் விற்பார்கள். இதை வாங்கின கொழும்பு வியாபாரியால் டொலர் கட்ட முடியவில்லை. பணம் வராமல் ஒரு மூட்டையும் இறங்காது என்று கம்பனி சொல்லிவிட்டது. சரக்கறைகளின் இரும்பு மூடி ஒவ்வொன்றிலும் கம்பி கோர்த்து, இலக்கம் அடித்த சீல் போட்டார்கள். சீலைப் பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரர். அதுதான் காக்கா.

குடாவில் லோஞ்சி, மோட்டார் படகு, ஓட்டுகிறவன் நான். அவரை முதல் நாள் ஏற்றிக்கொண்டு போனது என் லோஞ்சியில்தான். ஏஜென்சியிலிருந்து ஒரு பெடியனும் வந்தான். ஒரே ஒரு கட்டளை சொன்னான்.

“காக்கா, சீல் உடையக் கூடாது. வேற ஒண்டும் நீங்க பாக்கத் தேவையில்ல.”

“அமானிதம்,” என்றார் காக்கா.

பெடியனுக்கு விளங்கவில்லை. ஓம் ஓம் என்று தலையாட்டினான்.

அன்றிலிருந்து கப்பலுக்குத் தண்ணீரும் சாமானும் கொண்டுபோவது என் வேலை. அதற்கு மட்டும் ஏஜென்சி டீசல் எடுத்துத் தந்தது. அந்த ஓட்டத்தை விட்டால் என் லோஞ்சி கரையில்தான் கிடக்கவேண்டும். எனக்கும் வேறு வழி இருக்கவில்லை.

மாறி மாறிக் காவல் நிற்க இன்னொருவரும் வந்தார். கொஞ்ச நாளில் காய்ச்சல் என்று இறங்கினார். பிறகு ஏறவே இல்லை. அதற்குள் ஊர் கொதிக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கப்பலில் காவல் நிற்க ஒருவரும் வரவில்லை. ஆள் மாறாமல் இறங்கமாட்டேன் என்று காக்கா நின்றுவிட்டார்.

கப்பலின் மேல்தட்டில் ஒரு மூலையில் சில மணி அரிசி சிந்திக் கிடந்தது. ஏற்றும்போது கிழிந்த சாக்கிலிருந்து விழுந்ததாக இருக்கும். கரையிலிருந்து காகம் பறந்து வரும். காக்கா துவாயைச் சுழற்றிக்கொண்டு ஓடுவார்.

“காகம் தின்னுறதுக்கும் நீங்க பதில் சொல்லோணுமா காக்கா?” என்று கேட்டேன்.

“என்ட அரிசின்டா நானே தூவி விடுவன்.”

கடைசியில் அந்த மணிகளைக் கூட்டி ஒரு சீலைத்துண்டில் முடிந்து, மூடிக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டார். தனக்கு வேண்டிய அரிசியை வீட்டிலிருந்து என்னிடம் கொடுத்தனுப்பச் சொல்லுவார். அரிசிக் கப்பலுக்குக் கரையிலிருந்து அரிசி கொண்டுபோனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தொலைக்காட்சியில் அந்தக் கப்பலைக் காட்டினார்கள். பசியில் இருக்கிற சனத்துக்கு முன்னால் அரிசியை வைத்துக்கொண்டு விலை பார்க்கிறார்கள் என்று ஒருவர் மேசையில் அடித்துக் கத்தினார். கம்பனிக்காகக் கதைக்க வந்தவர் கோட் போட்டிருந்தார். சத்தம் போடவில்லை. “நாங்கள் வியாபாரிகள். பணம் வந்தால் சரக்கு இறங்கும். பணமில்லாமல் கொடுத்தால் நாளைக்கு எந்தக் கப்பலும் இந்த நாட்டுக்கு வராது,” என்றார். தேநீர்க் கடையில் பார்த்துக்கொண்டிருந்த சனம் அவரைத் தூசணத்தால் ஏசியது. பிறகு ஒருவன் சொன்னான், “அவன் எங்கயோ இருக்கான். கப்பல்ல இருக்கிறது எங்கட ஆளுதானே.”

ஒருநாள் மூதூர் வள்ளங்கள் கறுப்புக் கொடியோடு கப்பலைச் சுற்றி வந்தன. நான் தண்ணீர் இறக்கிக்கொண்டு நின்றேன். இளம் பெடியன்கள். பாதிப் பேரைக் காக்காவுக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

“அரிசிப் பூதமே! திற!”

“திறங்க காக்கா, நாங்க திங்க இல்ல, சும்மா மணந்து பாக்கத்தான்!”

“என்னட்டச் சாவி இல்ல,” என்றார் காக்கா மேலிருந்து.

“சாவி வேணாம், கத்தி நாங்க தாறம்!”

எனக்கும் கிடைத்தது. “அண்ணே, பூதத்துக்கு ஏன் தண்ணி? அதுக்குப் பலிதானே குடுக்கோணும்?”

அவர்கள் போகும்வரை காக்கா உள்ளே போகவில்லை. கப்பல் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒளிந்தால் களவு செய்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பார்.

பெருநாளுக்கு அவருடைய மனிசி சோற்றுப் பொதியோடு என் லோஞ்சியில் வந்தார். ஏணியில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். லோஞ்சியில் நின்றபடியே மேலே பார்த்துக் கதைத்தார்.

“இறங்கி வாங்க. பெருநாள் அதுவுமா.”

“மாற ஆள் இல்லாம எப்பிடிப் புள்ள வாற?”

“நீங்க என்னையா கலியாணம் முடிச்ச, இந்தக் கப்பலையா முடிச்ச?”

மேலே நின்ற கப்பல்காரர்கள் சிரித்தார்கள். பாசை தெரியாவிட்டாலும் அந்தக் கையாட்டல் எந்த ஊரிலும் விளங்கும்.

“லைன்ல நிக்கக்குள்ள கேக்கிறாளுகள். ‘உன்ட மனுசன் அரிசிக்கு மேல பாய் போட்டுப் படுத்திருக்கார், நீ என்னத்துக்குடி இஞ்ச நிக்கிற’ன்டு.”

“நீ என்ன சொன்ன?”

“அவர் மேலதான் படுத்திருக்கார், உள்ள இல்லன்டன்.”

காக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மனிசி சிரிக்கவில்லை.

“பள்ளில குத்பாப் பிரசங்கத்துல சொல்லியிருக்காங்க. சனம் பசிச்சிருக்க உணவப் பதுக்கிறவன் பாவின்டு. பள்ளில இருந்த எல்லாரும் நம்மட மகனத் திரும்பிப் பாத்திருக்காங்க.”

“பதுக்கிறவன் நான் இல்லயே. நான் காவல்தானே.”

“கதவப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறது ஆரு?”

காக்கா கயிற்றில் வாளியை இறக்கினார். மனிசி சோற்றுப் பொதியை வாளிக்குள் வைத்தார். வாளி மேலே போனது. திரும்பி வரும் வழியெல்லாம் மனிசி கப்பலைப் பார்க்காமல் இருந்தார்.

அதன் பிறகு ஏஜென்சிப் பெடியன் ஒருநாள் புதுச் செய்தியோடு வந்தான். கப்பலில் இருக்கிற அரிசியைக் கம்பனி இன்னொரு கம்பனிக்கு விற்றுவிட்டதாம். அவர்களும் வேறு யாருக்கோ விற்றிருக்கலாமாம்.

“அரிசி இஞ்சதானே கிடக்கு?” என்றார் காக்கா.

“இஞ்ச கிடந்தாலும் விக்கலாம் காக்கா. கொம்பியூட்டர்ல விக்கிறது. அரிசி அசையத் தேவையில்ல.”

“அப்ப இப்ப இது ஆர்ர அரிசி?”

“தெரியா. எங்களுக்கும் சொல்லயில்ல.”

“தந்தவனும் போயிட்டான். வாங்கினவனும் ஆருன்டு தெரியா. அப்ப நான் ஆர்ர அமானிதத்தக் காக்கிற?”

பெடியன் தோளை உயர்த்தினான். “சீல் அதேதான் காக்கா. சீலைப் பாத்துக்கொள்ளுங்க.”

பெடியன் இறங்கிய பிறகும் காக்கா அந்த இடத்திலேயே நின்றார். எனக்குச் சொல்வது போலவும் இல்லை, தனக்குச் சொல்வது போலவும் இல்லை. “ஆளில்லாத பொருளுக்கும் அமானிதம் இருக்குமா தம்பி?” என்றார். எனக்கு அதெல்லாம் தெரியாது. தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு மாரி தொடங்கியது.

கப்பலில் எண்ணெய் குறைந்துபோய்ச் சரக்கறைக்குக் காற்று அடிக்கிற விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். மூடி ஓரத்து ரப்பர் பழசு. மழை பெய்து வெயில் எறித்தால் மூடியின் விளிம்பில் ஆவி கிளம்பும். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சூடேறும், அவியும், பிறகு மாட்டுக்கும் உதவாது. வழி ஒன்றுதான். வெயில் நாளில் மூடிகளைத் தூக்கிக் காற்று விடவேண்டும். தூக்குவதென்றால் சீலை வெட்டவேண்டும்.

காக்கா ஒவ்வொரு நாளும் ஏஜென்சிக்கு போன் எடுத்தார். ஏஜென்சி வெளிநாட்டுக்கு எழுதியது. வெளிநாட்டிலிருந்து வந்த பதில் எப்போதும் ஒன்றுதான். பணம் வரும்வரை சீலைத் தொட வேண்டாம்.

ஒரு காலை நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு வெயில் நன்றாக எறித்தது. கப்டன் தட்டில் நின்றார். எந்த நாட்டவரோ. அவரும் எங்களைப் போலத்தான், எப்போது வீட்டுக்குப் போவோம் என்று தெரியாத மனிதர். கையில் பெரிய கம்பி வெட்டி. அதைக் கொண்டுவந்து மூடியின் மேல் வைத்தார். காக்காவைக் காட்டினார், சீலைக் காட்டினார், வானத்தைக் காட்டினார். கப்பல் என்னுடையது, அரிசி உன்னுடையது, நீ ஓம் என்றால் தூக்குகிறேன். அவ்வளவும் கையாலேயே சொன்னார்.

காக்கா குனிந்து உள்ளங்கையை மூடியில் வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். வைத்தேன். நிழல் விழுந்த பக்கத்திலும் இரும்பு சூடாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.

போன் எடுத்தார். பெடியனின் குரல் எனக்கும் கேட்டது.

“காக்கா, எங்களால ஒண்டும் சொல்ல ஏலாது. சீல் உடைஞ்சா நீங்கதான் பொறுப்பு. உடையாட்டி உங்கள ஒருத்தரும் கேக்க மாட்டினம்.”

“அரிசி பழுதாப்போகும் மகன்.”

“அது உங்கட வேலை இல்லயே காக்கா.”

போனை மடியில் வைத்தார். கம்பி வெட்டியைக் கையில் எடுத்தார். நான் சாதாரணமாக ஒருவருக்கும் புத்தி சொல்லுகிறவன் இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

“வெட்டுங்க காக்கா. களவுக்கு வெட்டயில்ல எண்டு நான் சாட்சி சொல்லுறன். கப்டனும் சொல்லுவார்.”

“ஒங்கட சொல்லு எனக்குப் போதும் தம்பி. அவனுக்குக் காணாது.”

“அவன் எண்டா ஆர்? ஆரெண்டே தெரியாதே.”

“தெரியாததாலதான்,” என்றார். “ஆளத் தெரிஞ்சா காலப் பிடிச்சாவது கேக்கலாம். தெரியாதவனுக்கு என்னத்தக் காட்டுற? தந்தபடி இருக்கிறதத்தானே காட்டலாம்.”

வெட்டியின் வாயைச் சீல் கம்பிக்கு அருகில் கொண்டுபோனார்.  கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். கப்டன் தன் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார். அவர்கள் சங்கிலியோடு வந்து நின்றார்கள். 

காக்கா வெட்டியை விலக்கினார். துவாயால் அதன் பிடியைத் துடைத்தார். கப்டனிடம் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

கப்டன் ஏதோ சொல்லிக் காறித் துப்பினார். பின்னேரம் மறுபடி மழை.

ஒருநாள் பணம் வந்துவிட்டது என்றார்கள். எங்கிருந்து, எப்படி என்று எனக்குத் தெரியாது. அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு போனேன். ஒவ்வொரு சீலாகப் பார்த்தார்கள். இலக்கம் பார்த்தார்கள், போட்டோ பிடித்தார்கள். ஒரு சீலிலும் ஒரு கீறல் இல்லை. அவர்களில் பெரியவர் காக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு சீலை வெட்டினார்கள். மூடியைத் தூக்கினார்கள்.

மணத்தை எழுத எனக்குத் தெரியாது. பெரியவர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். கப்பல்காரன் ஒருவன் ஓரத்தில் சத்தி எடுத்தான். மூட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பும் பச்சையுமாக ஒரே சுவராக நின்றன. காற்று அன்றைக்குக் கரைப் பக்கம் வீசியது. மூதூரில் வரிசையில் நின்ற சனத்துக்கும் மணந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

காக்கா மட்டும் விளிம்பில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைப் பொத்தவில்லை.

ஏஜென்சிப் பெடியன் நல்லவன். ஆறுதலுக்குத்தான் சொன்னான். “கவலப்படாதீங்க காக்கா. கம்பனிக்கு நட்டம் இல்ல. இன்சூரன்ஸ் இருக்கு.”

“அரிசிக்கு?” என்றார் காக்கா.

பெடியனுக்கு விளங்கவில்லை.

அன்று அவரை நான் கரைக்குக் கொண்டுவந்தேன். கப்பலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். காகத்திடமிருந்து காத்த அந்த முடிச்சைத் தட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மூதூர் இறங்குதுறையில் சனம் நின்றது. அதே பெடியன்களும் நின்றார்கள். ஒருவரும் பூதம் என்று கூப்பிடவில்லை. விலகி வழி விட்டார்கள். யாராவது ஏசியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

கப்பல் அந்த அரிசியோடேயே போய்விட்டது. எங்கே கொட்டினார்கள் என்று தெரியாது.

அதற்குப் பிறகு அவர் ஒருவருடைய பொருளையும் வாங்கி வைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டாருக்குப் போகும்போது வீட்டுச் சாவியைக் கொண்டுவந்தார். காக்கா கையை நீட்டவில்லை. “திறந்து பாக்கலாம்ன்டா தாங்க,” என்றார். அந்த மனிதர் யோசித்துவிட்டுச் சாவியைத் தன் தம்பியிடம் கொடுத்தார்.

இன்னொரு நாள் நான் மூதூருக்குப் போனபோது இறங்குதுறையில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கையில் மிசின் எண்ணெய்த் தகரம் ஒன்று, நீட்டு மூக்கு வைத்தது, புதியது.

“கட்டைபறிச்சானுக்கு ஒருக்கா வாறீங்களா தம்பி? தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு.”

என்னத்துக்கு என்று கேட்கவில்லை. நடந்தோம். தையல்கார அக்கா வீட்டு வாசலில் கதிரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு எழும்பினார்.

“அட, காக்கா! என்ன இந்தப் பக்கம்?”

“அந்த மிசின் இருக்கா தங்கச்சி?”

“எந்த மிசின்?”

“என்னட்டத் தந்த மிசின். எண்ணெய் விட்டுப் பாப்பம்ன்டு வந்த.” தகரத்தைக் காட்டினார்.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“அத அப்பவே பழைய இரும்புக்குப் போட்டாச்சு காக்கா. இப்ப கரண்ட் மிசின்தான். இருங்க, தேத்தண்ணி ஊத்துறன்.”

தேத்தண்ணி வந்தது. ஒரு கையில் கோப்பை, மறு கையில் தகரம். குடித்து முடியும்வரை தகரத்தைக் கீழே வைக்கவில்லை. அக்கா வயல் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நல்லம் என்றார்.

திரும்பி நடந்தோம். இறங்குதுறையில் லோஞ்சியில் நான் ஏறின பிறகு தகரத்தை நீட்டினார். வாங்கினேன். அவருடைய சொந்தப் பொருள் ஒன்று எனக்கென்று என் கைக்கு வருவது அதுதான் முதல் தடவை. 

“அமானிதமா காக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல தம்பி,” என்றார். “எடுத்துப் பாவியுங்க. எண்ணெய் முடிஞ்சா எறிஞ்சிருங்க.”